மொரீஷியஸ் பிரீமியம் விசா: இலவசம்தான், கணக்கு சரியாக இருந்தால்

வருகிற சுற்றுலாப் பயணி இரண்டு வாரத்தில் மூட்டை கட்டாமல், இங்கேயே தங்கிச் செலவு செய்யட்டும் என்று மொரீஷியஸ் அரசு 2020இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. கட்டணம் கிடையாது. ஓராண்டு செல்லும், நீட்டித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் இணையத்தில்தான், பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளை ஓரங்கட்டுங்கள்.

மாதம் குறைந்தது 1500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். சம்பளமும் தொழிலும் மொரீஷியஸுக்கு வெளியே இருக்க வேண்டும்; இங்குள்ள ரோஸ் ஹில் நகரில் தமிழ் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்க இதில் இடமில்லை. இந்திய ரூபாயில் சம்பளம் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். சரியாக 1500க்கு நிற்கும் சம்பளம், டாலர் ஏறினால் கீழே போய்விடும். கொஞ்சம் கூடுதலாக வரும் மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். மருத்துவக் காப்பீடு தங்கும் காலம் முழுவதற்கும் செல்ல வேண்டும்; ஒரு மாதப் பயணக் காப்பீடு பத்தாது.

வரிதான் நுணுக்கமான இடம். வரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அதில் 183 நாள் தங்கினால் இங்கத்திய வரிக் கணக்குக்குள் வந்துவிடுவீர்கள். வெளிநாட்டு கார்டைத் தேய்த்துச் செலவு செய்தால் சிக்கலில்லை. அதே பணத்தை உள்ளூர் வங்கிக் கணக்கில் போட்டால் வரிக்கு உட்படும். வெளியே வரி கட்டிவிட்டதாக உறுதிமொழி கொடுத்தால் தப்பலாம்.

சென்னை அலுவலகத்தோடு வேலை பார்க்க ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். காலை 10 மணி மீட்டிங்குக்கு இங்கே எட்டரைக்கு உட்கார்ந்தால் போதும். காவடித் திருநாளுக்கு இங்கே அரசு விடுமுறை, சென்னை மேனேஜர் விடுவாரா என்பது வேறு விஷயம்.