கானாடுகாத்தானில் இரண்டு ராத்திரி, ஒன்று அறைக்கு வெளியே

விடுதியாக மாற்றிய பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்கிவிட்டு வந்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் முழு மார்க், அறைக்குப் பாதிதான். விடுதியின் பெயரைப் போடவில்லை, நான் சொல்லப்போகும் குறையெல்லாம் அங்கே சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகள் தலையில் விடிய வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து வண்டியில் அரை மணி நேரம் கூட ஆகாது. ஊருக்குள் நுழைந்ததும் நேர்கோடு போட்ட மாதிரித் தெருக்கள், இரண்டு பக்கமும் நீள நீளமாகச் சுவர், ஆள் நடமாட்டமே இல்லை. இந்தத் தெருவில் வாசல் வைத்த வீடு அடுத்த தெருவில் போய்த்தான் முடிகிறது. நாங்கள் தங்கிய வீடும் அப்படித்தான், நிலைவாசலில் நின்றால் முகப்பு, பட்டாலை (உட்காரும் கூடம்), வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் ஒரு தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. என் பையன் அங்கிருந்து ஓடிப் பின்வாசலைத் தொட்டுவிட்டு வந்தான், மூச்சு வாங்கியது.

பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ் என்று சுற்றிக்காட்டிய தம்பி மனப்பாடமாக ஒப்பித்தார். தேக்கு மரத்தைக் கப்பலில் கட்டிக் கடலோடு இழுத்து வந்த கதையும் உண்டு, தலையாட்டி வைத்தேன். ஆனால் சுவர் விஷயத்தில் கதை தேவையே இல்லை. சுண்ணாம்பை மை போல அரைத்துப் பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர், மத்தியான வெயிலில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. இத்தனை வருஷத்தில் வெள்ளை அடிக்கவே இல்லையாம்.

சரி, அறைக்கு வருகிறேன். ஒரு ராத்திரிக்கு 6,500 ரூபாய். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்ன அறைகளில் ஒன்று. அந்த அறைகள் முக்கியமாகத் தூங்குவதற்குக் கட்டியவை இல்லை என்பதை முதல் ராத்திரியில் என் முதுகும் மூக்கும் கண்டுபிடித்தன. நகரத்தார், அதாவது பர்மா வரை போய் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள், வீடுகளில் கல்யாணமான பிள்ளையை 'வேறு வைப்பார்கள்'. ஒரே கூரைக்குக் கீழேதான், ஆனால் சமையலும் வரவு செலவும் தனி, கோயில் வரிக் கணக்கிலும் அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி', அதாவது தனிக் குடும்பம். அப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் வளவில் ஓர் அறை. சீர் சாமான், பாத்திரம், துணிமணி வைத்துப் பூட்ட அது. மற்றபடி படுக்கையும் பேச்சும் பெரும்பாலும் வெளியே காற்றோட்டமான வளவிலும் பட்டாலையிலும்தான். அந்தச் சாமான் அறைக்குள் ஒரு இரட்டைக் கட்டில், ஒரு ஏசி, மூலையில் ஒரு பாத்ரூம் என்று திணித்தால் எப்படி இருக்கும்? ஏசி லாரி ஏறுகிற மாதிரி உறுமியது, அணைத்தால் புழுக்கம். வெந்நீர் வர இருபது நிமிஷம். எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது பாத்ரூம் தரையைப் பார்த்துத்தான். ஆட்டோவில் போகிற தூரத்தில் ஆத்தங்குடி இருக்கிறது, கண்ணாடிப் பலகை மேல் சாயக் கலவையை அச்சில் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, சூளையே இல்லாமல் தரைக்கல் செய்கிற ஊர். இங்கே போட்டிருப்பது எந்த நகரத்து அபார்ட்மெண்டிலும் கிடைக்கிற வழுக்கு டைல்ஸ். பையன் ஒருமுறை விழுந்தே விட்டான்.

இரண்டாம் ராத்திரி மேனேஜரிடம் கேட்டு வளவில் பாய் போட்டுக்கொண்டோம். அவர் கொஞ்சம் தயங்கி, "ஐயா, மழை வந்தாலும் வரும்" என்றார். வந்தது, இரண்டு மணிவாக்கில். நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, மூலைக் குழாய்களுக்குக் கீழே வைத்திருந்த அண்டாக்களில் கொட்டி, மிச்சம் தரைக்கடியில் ஓடும் வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போனது. அந்தக் காலத்தில் அதுவே ஊருணிக்குப் போய்ச் சேரும், வறண்ட சீமையில் கூரைத் தண்ணீரைக் கூட விடாமல் பிடித்தவர்கள். எங்கள் பாயில் ஒரு சொட்டு விழவில்லை.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: மெனு அட்டையைத் தொடாதீர்கள், அதில் கோபி மஞ்சூரியன் எல்லாம் இருக்கிறது. அடுப்படிக்குப் போய் ஆச்சியிடம் நேராகக் கேளுங்கள். எங்களுக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், மறுநாள் இடியாப்பமும் கோசமல்லியும் கிடைத்தன. பையனுக்குக் கவுனி அரிசி இனிப்பு. "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா தம்பி" என்று கேட்டுக்கொண்டே நாலு வைத்துவிடுகிறார்.

வாடகை அதிகமா என்றால், அறைக்கு அதிகம். வீட்டுக்கு இல்லை. 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தது, அப்புறம் சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கியது என்று இந்த வீடுகளைக் கட்டிய பணம் வந்த வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. வீடு மட்டும் பங்காளிகள் கையில் நின்றுவிட்டது. ஓடு மாற்றக் கூட எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஒத்துப்போகாத வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன, விலை கேட்டுப் பாருங்கள். அதற்கு விடுதியாவது தேவலை.

முன்பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, வளவில் படுக்க விடுவார்களா. இன்னொன்று, படைப்பு என்றைக்கு. இரண்டாம் கட்டில் பூட்டிய அறை ஒன்று உண்டு, விருந்தாளிகளுக்குத் திறப்பதில்லை. வருஷத்தில் ஒரு நாள் பங்காளிகள் எல்லாரும் வந்து முன்னோருக்குப் படைக்கும்போதுதான் அது திறக்கும், அன்றைக்கு 6,500 இல்லை, 65,000 கொடுத்தாலும் அறை கிடையாது.