எட்வர்ட் ஜிக்லரின் ஆய்வும் ஹெட் ஸ்டார்ட் சேவையும்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் வறிய குடும்பங்களைச் சேர்ந்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி நடத்தப்படும் ஹெட் ஸ்டார்ட் சேவையை எடைபோட வேண்டுமானால், அதை உருவாக்கிய திட்டக்குழுவில் இடம்பெற்றிருந்த யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ஜிக்லரின் ஆய்வுகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை, குறிப்பாகக் காப்பகங்களில் வளர்ந்தவர்களை, ஆராய்ந்த அவர், அடுத்தடுத்த தோல்விகள் விளைவித்த தன்னம்பிக்கைக் குறைவும், அறிமுகமில்லாத பெரியவர்களிடம் ஏற்படும் தயக்கமும், பாராட்டுக்கான ஏக்கமும் அவர்களுடைய செயல்திறனைப் பெரிதும் பாதிக்கின்றன என்று காட்டினார். பின்னர் வறிய குடும்பத்து மழலையரிடம் நடத்திய ஆய்விலும், பதற்றம் தணியும்படி தேர்வை அமைத்தால் அதே குழந்தை கூடுதல் மதிப்பெண் பெறுவதைக் கண்டார்.

இச்சேவையில் நான் மிகவும் மதிக்கும் கூறுகள் அனைத்தும் இந்தப் பார்வையோடு ஒத்துப்போகின்றன. எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு சத்துணவு, பல் மருத்துவம், கண், காது பரிசோதனை, தடுப்பூசிக் கண்காணிப்பு, குடும்பத்துக்கான உதவி ஆகியவற்றையும் ஒரே இடத்தில் ஒருங்கிணைக்கிறார்கள். சேவையின் முடிவுகளில் பங்கேற்கும் கொள்கைக் குழுவில் பெரும்பான்மையினர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது விதி. போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மிசூரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் பிறந்த ஜிக்லரின் குடும்பமே ஒரு சமூக நல இல்லத்தின் உதவியைப் பெற்றது என்பதை அறிந்தபோது, பெற்றோரை இரவலர்களாக நடத்தாத இந்த அமைப்பு எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

தொடக்கம் அவசரமானது. 1965 கோடையில் எட்டு வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்ததால் மையத்துக்கு மையம் தரம் வேறுபட்டது. இச்சேவையின் விளைவுகளை மதிப்பிட்டு 1969இல் வெளியான வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை, குழந்தைகளிடம் தென்பட்ட அறிவு முன்னேற்றம் தொடக்கப் பள்ளியிலேயே மங்கிவிடுகிறது என்றது. சில வாரப் பயிற்சியால் நுண்ணறிவு ஈவு (IQ) நிலையாக உயரும் என்ற எதிர்பார்ப்பே பிழையானது, உடல்நலமும் மனநலமும் சேர்ந்த சமூகத் திறனையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது ஜிக்லரின் நிலைப்பாடு. நான் அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். 1970இல் மத்திய அரசின் குழந்தை வளர்ச்சி அலுவலகத்தின் முதல் இயக்குநராகி ஹெட் ஸ்டார்ட்டின் பொறுப்பை ஏற்ற அவர் தரத்தை உயர்த்த முனைந்தார். 1975இல் செயல்பாட்டுத் தர விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவர் ஆதரித்த, எல்லாத் தரப்பினருக்கும் குழந்தைப் பராமரிப்பை விரிவாக்க முயன்ற சட்டத்தை அதிபர் நிக்சன் 1971இல் நிராகரித்தது பேரிழப்பு.

குறைகளும் உண்டு. தகுதியுள்ள குழந்தைகள் பலருக்கு இன்னும் இடம் கிடைப்பதில்லை. ஆசிரியர்களின் ஊதியம் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தைவிடக் குறைவாக இருப்பதால் அவர்கள் அடிக்கடி வேலையை விட்டுச் செல்கிறார்கள்; பழகிய முகத்தை நம்பி அமைதி கொள்ளும் வயதில் இது எனக்குப் பெருங்கவலை தருகிறது. 2010இல் வெளியான அரசின் தாக்க ஆய்வும் முதல் வகுப்பின் முடிவில் பெரும்பாலான பயன்கள் தெரியவில்லை என்றது; இங்கு பயின்ற குழந்தைகள் பெரியவர்களான பிறகு அவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்த வேறு சில ஆய்வுகளோ நற்பயனைக் கண்டன.

தகுதியுள்ள பெற்றோர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு காலைப் பொழுதை அந்த மையத்தில் செலவிட்டு, பெற்றோரைப் பிரிந்து அழும் குழந்தையை ஆசிரியர் எவ்வாறு தேற்றுகிறார் என்பதைப் பாருங்கள்; சுவரில் தொங்கும் அட்டைகளை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.