முதலாமாண்டு இயற்கணிதம்: கற்றல் இலக்கை எப்படி எழுதுவது? மூன்று வழிகள், ஒரு அலசல்

கல்லூரிக்குள் புதிதாக வரும் பிள்ளைகளுக்கான தொடக்க இயற்கணித வகுப்புக்குக் கற்றல் இலக்குகள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வகுப்பில் நாங்குநேரி, அம்பாசமுத்திரம், ஆலங்குளம் என்று பல திக்கிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள். இலக்கு எழுத என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றாவதைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதல் வழி, பாடப் பகுதியையே இலக்காக எழுதிவிடுவது. நேரியல் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, சமனிலி, சார்பு (ஃபங்ஷன்), மடக்கை (லாகரிதம்) என்று அலகு வாரியாக வரிசை போட்டால் முடிந்தது. போர்ஷன் முடிந்ததா என்று துறைத்தலைவர் கேட்டால் உடனே பதில் சொல்லலாம். பிள்ளைகளுக்கு எது வந்தது, எது வரவில்லை என்பதைப் பற்றி அந்தப் பட்டியல் வாயே திறக்காது.

இரண்டாவது, இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் கேட்கிற முறை. கற்றலைப் படிபடியாகப் பிரிக்கிற, 1956-இல் வந்த ப்ளூம் வகைப்பாடு, 2001-இல் திருத்திய வடிவில், நினைவுகூர்தல் தொடங்கிப் படைத்தல் வரை ஆறு படிகள். நம் பாடத்திட்டங்களில் அவை கே1 முதல் கே6 வரை என்று வரும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் இந்த அட்டவணை இல்லாமல் தப்ப முடியாது. படிநிலை என்ற யோசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில். கே3, அதாவது பயன்படுத்துதல், என்று குறித்து வைத்த கணக்கை முந்தின நாள் போர்டில் எண் மட்டும் மாற்றிப் போட்டுக் காட்டியிருந்தால், தேர்வில் அது கே1, வெறும் நினைவுகூர்தல், ஆகிவிடுகிறது. அட்டவணையில் மட்டும் கே3 என்றே நிற்கும்.

மூன்றாவது வழியில் ஒவ்வொரு இலக்கோடும் ஒரு கணக்கும், அந்தக் கணக்கில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் சேர்ந்தே எழுதப்படும். ‘இருபடிச் சமன்பாட்டைப் புரிந்துகொள்ளுதல்’ என்று எழுதுவதில்லை. ‘பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கும் முன் நின்று யோசித்தல்’ என்று எழுதுகிறோம்.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: தேர்வுத்தாள் கைக்கு வந்த மறுநாள் எதை மறுபடி நடத்துவது என்று இந்த இலக்கு சொல்லிவிடுகிறது.

எக்ஸ் ஸ்கொயர் = 5 எக்ஸ் என்று ஒரு கணக்கு. ஒரு பையன் இரு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டு, எக்ஸ் = 5 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான். கேட்டால், “ரெண்டு பக்கமும் எக்ஸ் இருக்குல்லா சார், அடிச்சிட்டேன்” என்றான். பூச்சியம் என்ற இன்னொரு விடை அந்த அடித்தலோடு போய்விட்டது. முதல் வழியில் இவனுக்குப் பாதி மார்க் விழும், இருபடிச் சமன்பாடு ‘சுமார்’ என்று பதிவாகும். இரண்டாவதில் கே3 குறைவு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் நான் என்ன செய்ய? மூன்றாவது வழியில் விட்டுப்போனது இன்னது என்று தாளிலேயே தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்து, ‘பெருக்கல் பூச்சியம் என்றால் ஏதோ ஒரு காரணி பூச்சியம்’ என்பதை மட்டும் மறுபடி சொன்னால் போதும். ஒரு முழு வகுப்புகூட வேண்டாம்.

இதே சறுக்கல் இன்னொரு அலகில் வேறு வேடத்தில் வருகிறது. 6-ஐ எக்ஸால் வகுத்தால் 2-ஐ விடச் சிறியது என்ற சமனிலியைக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் எக்ஸால் பெருக்கி, ‘எக்ஸ் 3-ஐ விடப் பெரியது’ என்று முடித்துவிடுவார்கள். எக்ஸ் குறை எண்ணாக இருந்தாலும் அந்தச் சமனிலி சரியாக வருமே என்பது தோன்றாது. பாடப் பட்டியலில் இவை இரண்டும் தனித்தனி அலகு. பிள்ளையிடம் விட்டுப்போனதோ ஒரே பழக்கம்: தெரியாத ஒன்றால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் அது பூச்சியமா, குறையா என்று கேட்கும் பழக்கம்.

சார்புக்கு நான் எழுதிய இலக்கு, ‘வாய்பாடு (ஃபார்முலா) எதுவரை செல்லும் என்று சொல்லுதல்’. கணக்கு நம் பாபநாசம் அணை. முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. இன்று 120 அடி, நாளுக்கு ஒன்றரை அடி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறாவது நாள் எவ்வளவு? மைனஸ் 30 அடி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. சார்பகத்துக்கு, அதாவது சார்பில் எந்தெந்த மதிப்பைப் போடலாம் என்பதற்கு, வரையறை கேட்டால் அதே பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். எண்பதாவது நாளிலேயே வாய்பாடு பூச்சியத்துக்கு வந்துவிடுகிறது. அணை கீழே போகப் போகக் குறுகுவதால் நிஜத்தில் ஒரே அளவு தண்ணீர் விட்டாலும் மட்டம் ஒரே சீராகக் குறையாது என்பதையும் அதோடு பேசலாம்.

குறைகள் உண்டு. திருத்தும் வேலை கூடும். மொத்த மார்க்கோடு, இலக்குக்கு ஒன்றாக டிக் போட வேண்டும். “இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு சார்?” என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இலக்குகள் பத்துக்கு மேல் போனால் இந்த முறை படுத்துவிடும். கணக்குகளையும் ஆண்டுதோறும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சீனியர் நோட்டு முந்திக்கொள்ளும்.

மடக்கைக்கு இன்னும் சரியான இலக்கு எனக்கு அமையவில்லை. 8 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று கேட்டால், கால்குலேட்டரில் பெருக்கிப் பெருக்கியே ஏறக்குறைய 9 ஆண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். விடை சரிதான், மடக்கை தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. வணிகவியல் பிள்ளைகளுக்கு நான் இந்த முறையில் எடுத்ததில்லை, அதனால் அங்கே எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். செமஸ்டர் மார்க் இதனால் கூடும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேள்வித்தாள் அலகு வாரியாகத்தானே வருகிறது.

ஆகவே கோப்பில் கே அட்டவணை இருக்கிறது, பிள்ளைகளின் நோட்டு முதல் பக்கத்தில் கணக்கோடு கூடிய இலக்குகள் இருக்கின்றன. செமஸ்டர் நடுவில் வந்து பாதி வகுப்பை எடுத்து முடிக்க வேண்டிய கெளரவ விரிவுரையாளருக்கு மட்டும் பழைய அலகுப் பட்டியலையே கொடுப்பேன். எங்கே விட்டிருக்கிறது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.