9 கோடை, 18 பயணம், 2 மணி 54 நிமிடம்

குழித்துறையில் இருந்து சித்தி மகன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "அண்ணே, மான்செஸ்டர் வந்த பெறவு பிள்ளைகளக் கூட்டிட்டு துருக்கி போணும். நீங்க போற சார்ட்டர் கம்பெனியிலயே எடுக்கட்டா?" லீவுக்குக் களியக்காவிளை வந்து கட்டன் சாயாவோடு திண்ணையில் இருக்கிறேன். நேரம் உண்டு, பதில் எழுதுகிறேன். சார்ட்டர் என்றால் சுற்றுலாக்காரர்களுக்கென்றே விடுகிற விமானம். ஒன்பது கோடையாக, போக வர 18 பயணம், இவர்களோடுதான். கம்பெனி பெயர் அவனுக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

அவர்களிடம் பழைய போயிங் 757 விமானம் ஓடிய வருஷங்களை மறக்க முடியாது. ஒரே நடைபாதை, 235 பேர். கடைசி வரிசைக்காரன் இறங்குவதற்குள் முன்வரிசைக்காரன் ஹோட்டலில் குளித்து முடித்திருப்பான். ஆனால் அந்த இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினும் தூக்குகிற தூக்கு! ஓடுபாதை எக்கச்சக்கமாக மிச்சமிருக்கும், மூக்கு அதற்குள் மேலே போயிருக்கும். போயிங் 2004-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட விமானம் அது. இப்போது வருவது 189 சீட் 737-800. ஆள் நிறைந்த டவுன் பஸ் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறுவது போல முக்கி முக்கிக் கிளம்புகிறது.

பெட்டி, ஹோட்டல், ஏர்போர்ட்டில் இருந்து பஸ், எல்லாம் ஒரே பணத்தில் முடிந்துவிடும். பணிப்பெண்கள் தங்கமானவர்கள். பேக்கேஜாக எடுத்தால் பணத்துக்கு அட்டோல் பாதுகாப்பும் உண்டு, அதாவது கம்பெனி திவாலானாலும் பணத்தையும் ஆளையும் காப்பாற்றுகிற பிரிட்டிஷ் ஏற்பாடு. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற சுற்றுலாக் கம்பெனி இழுத்து மூடியபோது வெளிநாட்டில் மாட்டிய சுமார் 1,50,000 பேரை பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் கூட்டிக்கொண்டு வந்தது.

இனி என் வயிற்றெரிச்சல். கோடையில் இந்த விமானங்களுக்கு ஓய்வே கிடையாது. காலையில் ஒரு தீவு, மதியம் திரும்பல், சாயங்காலம் துருக்கி, விடியும்போது மறுபடி மான்செஸ்டர். காலையில் அரை மணி நேரம் சறுக்கினால் அது ராத்திரிக்காரன் தலையில் இரண்டு மணி நேரமாக விழும். அந்த ராத்திரிக்காரன் நான்தான். துருக்கி தூரத்துக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் ஆளுக்கு 350 பவுண்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சக்கரம் தரையைத் தொடுகிற நேரம் கணக்கில்லை, கதவு திறக்கிற நேரம்தான் கணக்கு. 7 தடவை எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். ஒன்றைத் தவிர எதுவும் மூன்றைத் தொடவில்லை. போன ஆகஸ்டில் 2 மணி 54 நிமிடம். வாட்சைப் பிடித்துக்கொண்டு, கதவு மாட்டிக்கொள்ளட்டும் என்று குழித்துறை சாமுண்டிக்கு நேர்ந்துகொண்டேன், வீட்டுக்காரி முறைத்தாள். டப்பென்று திறந்துவிட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பை மான்செஸ்டரில் கிளம்பும்போது காட்டியிருக்கலாமே! ஒரே ஒரு முறை 3 மணி 10 நிமிடம் ஆனது. அன்றைக்குப் பார்த்து வான்வழிக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம், அதற்கு நஷ்ட ஈடு இல்லை.

சரி, பணிப்பெண்கள், விலை, பெட்டி, எல்லாம் கூட்டினால் 5-க்கு 4 கொடுக்கலாம். நான் 1 கொடுக்கிறேன். தம்பி, எடுக்காதே.

இதை எழுதும்போது அப்பா எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் கோவளத்துக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிவரும் சார்ட்டர் விமானத்துக்காகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் அம்பாசடரோடு காத்துக் கிடந்தவர். "லேய், வண்டி லேட்டானா எனக்கு மணிக்கு இவ்வளவுன்னு வெயிட்டிங் சார்ஜ் உண்டும்லா. உனக்கு ஒண்ணும் தரமாட்டானா?" என்றார்.