செல்ஃப் அடிக்காத பைக்குக்கு எந்த பேட்டரி?

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே நம்மில் பலர் புது பேட்டரி வாங்கிவிடுகிறோம். கடைக்காரரும் மூன்று வகை எடுத்து வைப்பார்: ஆசிட் ஊற்றும் தண்ணி பேட்டரி, மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்கிற மூடிய பேட்டரி, கொஞ்சம் பெரிய கடையென்றால் லித்தியம். மூன்றையும் ஒப்பிடலாம். ஆனால் வண்டியில் கெட்டது பேட்டரிதானா என்று தெரியாமல் எதை மாட்டினாலும், சில மாதங்களில் அதே கடை வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

முன்பு இது இவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பலவற்றை, பேட்டரி செத்திருந்தாலும் உதைத்தோ தள்ளியோ கிளப்பிவிடலாம். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது பெரும்பாலான பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பல மாடல்களில் கிக்கரும் போய்விட்டது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், அவற்றை ஆட்டிவைக்கும் ஈசியு மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

ஹாரனா, மீட்டரா?

தெருவில் எல்லோரும் செய்யும் சோதனை ஹாரன் அடித்துப் பார்ப்பது. ஹாரன் நன்றாகக் கத்தினால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஹாரனுக்கு இரண்டு மூன்று ஆம்ப் போதும். செல்ஃப் மோட்டாருக்குப் பல பத்து ஆம்ப் தேவை. அதனால் ஹாரன் கத்தாவிட்டால் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். கத்துகிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இதைவிட எவ்வளவோ மேல். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரி டெர்மினலில் வைத்துப் பாருங்கள். ஓட்டி வந்த உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றிவிடும். இந்த எண்கள் ஈய பேட்டரிக்கு; தண்ணி பேட்டரி, மெயின்டனன்ஸ் ஃப்ரீ இரண்டுமே ஈயம்தான். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் ஏறக்குறைய காலி.

அப்புறம் மீட்டரை வைத்தபடியே செல்ஃப் அடியுங்கள். எண் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. முதலில் சார்ஜ் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். முழு சார்ஜிலும் அப்படியே விழுந்தால்தான் மாற்றும் நேரம். எண் 12-ஐ ஒட்டியே நிற்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், வயரிங் இவற்றில் ஒன்றுதான் காரணம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகே மற்ற எல்லாம்.

கடைசியாக வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை ஓரளவு முறுக்கிப் பிடியுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் ஒழுங்கு. 12 சொச்சத்திலேயே நின்றால், கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலோ அதன் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரோ போயிருக்கிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் உங்கள் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. புது பேட்டரி வாங்கிச் சில மாதங்களில் படுத்துவிடும் கதைகளில் பலவற்றுக்கு இந்த ஒரு அளவே பதில் சொல்லிவிடும்.

மூன்று பேட்டரிகள்

தண்ணி பேட்டரியை இன்று பலர் மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல் இன்னும் மரியாதை உண்டு, ஏனென்றால் அது ஒளிக்காது. ஆறு செல்லையும் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்க்கலாம், ஐந்தில் 1.26-க்கு மேலே இருந்து ஒன்றில் மட்டும் இறங்கியிருந்தால் அந்த செல் போய்விட்டது என்று கண்ணாலேயே தெரியும். வெயிலில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சரிசெய்யலாம். ஆசிட் ஊற்றக் கூடாது, குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. விலையும் குறைவு. ஆனால் மாதம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். வண்டி சாய்ந்தால் ஆசிட் கசியும், வென்ட் குழாய் சரியாக இல்லாவிட்டால் சேஸியை அரிக்கும். வாங்கும்போது இன்னொரு கவனம்: காய்ந்த நிலையில் வரும் பேட்டரியில் ஆசிட் ஊற்றிய கையோடு மாட்டித் தருவார்கள். முதல் சார்ஜை நிதானமாக ஏற்றாவிட்டால் அது ஒருநாளும் முழுத் திறனுக்கு வராது. அவசரப்படாமல் கடையிலேயே விட்டுவிட்டு மறுநாள் வாங்குங்கள்.

மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று நாம் சொல்வது விஆர்எல்ஏ வகை. உள்ளே கண்ணாடி நூல் பஞ்சு ஆசிட்டை உறிஞ்சி வைத்திருக்கும். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு உள்ளேயே திரும்பத் தண்ணீராகிவிடும். கசிவு கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், குலுக்கலையும் நன்றாகத் தாங்கும். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். இதன் பலவீனம் வெயிலும் ஓவர் சார்ஜும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு. தண்ணி பேட்டரி காய்ந்தால் மறுபடி ஊற்றலாம். இது காய்ந்தால் முடிந்தது. அதனால்தான் ரெகுலேட்டரைப் பார்க்காமல் இதை மாட்டக் கூடாது என்கிறேன். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6-க்குக் கீழே இருந்தால் ஷெல்ஃபில் கிடந்து பழசானதாக இருக்கலாம், வேறொன்று கேளுங்கள்.

லித்தியம் என்று பைக்குக்கு விற்பது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எடை ஈய பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. தானாகச் சார்ஜ் இறங்குவது மிகக் குறைவு, செல்ஃப் துள்ளிக்கொண்டு சுற்றும். ஆனால் பல பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் ஆம்ப் ஹவர் (கொள்ளளவைச் சொல்லும் அளவு), ஈய பேட்டரிக்கு ‘சமமானது’ என்று சொல்லும் எண். செல்ஃப் அடிக்கும் வலிமையை வைத்துப் போட்டது. உள்ளே உண்மையில் இருக்கும் கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம் மாட்டிய வண்டியில் அது சீக்கிரமே காலியாகும். ஒருமுறை அடியோடு இறங்கிவிட்டால் மீள்வது சந்தேகம். 15 வோல்ட் கொடுக்கும் கிழட்டு ரெகுலேட்டரோடு இதைச் சேர்ப்பது ஆபத்தும்கூட. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதை லடாக் கிளம்பும் நண்பர்கள் மனதில் வைக்க வேண்டும். எடைக்காகப் பல மடங்கு பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் வாங்கட்டும். ஆபீஸ் போகும் 125 சிசி வண்டிக்கு அது தேவையில்லை.

பழைய புல்லட், ஆர்எக்ஸ் 100 என்று ஆசையாக வைத்துத் தானே ஸ்பேனர் பிடிப்பவர்களுக்குத் தண்ணி பேட்டரி இன்னும் நல்ல தேர்வு.

வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது

எந்த பேட்டரியையும் அதிகம் கொல்வது இதுதான். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவி கொடுத்து, ‘வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுப்பா’ என்று சொல்லிவிட்டுப் போவோம். ஐடிலில் சார்ஜ் ஏறுவது சொற்பம், ஹெட்லைட் வேறு எரிகிறது. செல்ஃப் அடிக்கச் செலவானது திரும்பி வருவதே கஷ்டம். தம்பி அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் பலன் உண்டு. ஓட்ட ஆளில்லை என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போவதே மேல். செலவு ஒரு பைசா இல்லை. டிராக்கர் 20 மில்லிஆம்ப் உறிஞ்சுகிறது என்று வையுங்கள். 5 ஆம்ப் ஹவர் பேட்டரி பத்தே நாளில் காலி, செல்ஃப் அதற்கு முன்பே நின்றுவிடும். கழற்றி வைத்தால் அந்தக் கசிவு நிற்கும். இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் ஆட்டோமேட்டிக் சார்ஜரை வீட்டில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை மாட்டட்டும். ஈய பேட்டரிக்குச் சார்ஜ் கரண்ட், ஆம்ப் ஹவரில் பத்தில் ஒரு பங்கு: 5-க்கு அரை ஆம்ப். கார், லாரி பேட்டரிகளோடு வரிசையில் சேர்த்து ஏற்றும் கடையில் கொடுக்கிறீர்கள் என்றால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஊரிலிருந்து திரும்பியதும் செல்ஃபைத் தொடாமல் மீட்டரை வையுங்கள். ஈய பேட்டரியில் 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜர், அப்புறம் செல்ஃப். ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், இடையில் சற்று ஓய்வு கொடுத்து அடியுங்கள்.