புதிய சட்டநூலா, மறுபதிப்பு மருத்துவ நூலா?

மேலூர் வட்டார நூலகம் ஒன்றுக்கு நிலையான வளர்ச்சி குறித்த சட்டக் குறிப்புநூலை வாங்குவதா, பழைய சித்த மருத்துவ நூலின் மறுபதிப்பை வாங்குவதா என்றால், இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட இயலாது. சட்டநூலுக்குப் பதிப்பாண்டே உயிர். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு சற்றுப் பழைய பதிப்பிலும் கிடைக்கும். ஆனால் 2022-இல் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட அடிப்படையாக இருந்த 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம் இல்லாத நூல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடுவோருக்குப் போதாது.

மருத்துவ மறுபதிப்பிலோ மூலத்தோடு ஒட்டி நிற்பதே முதன்மை. பழைய அச்சில் ௧, ௭, ௮ ஆகிய எண்கள் க, எ, அ என்னும் எழுத்துகளைப் போலவே தோன்றும். புதிதாக அச்சுக்கோப்பவர் ஒன்றை மாற்றிப் படித்துவிட்டால், ‘பலம் ௭’ (பலம் என்பது பழைய எடையளவு) என்ற மருந்தளவே குலைந்துவிடும். ஆகவே மூலப் பக்கங்களை ஒளிப்படமாக அப்படியே தரும் பதிப்பே நம்பத்தக்கது; அதுவும் வரலாறு அறிவதற்கே, தாமாக மருந்து செய்துகொள்வதற்கு அன்று.

ஒன்றுக்குத்தான் பணம் உண்டு எனில், டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நின்ற மேலூர் வட்டார மக்களுக்குச் சட்டநூலையே முதலில் வாங்க வேண்டும் என்பேன்.