கடையில் இன்னும் 1998

எங்கள் கடையில் இன்று என்ன தேதி என்று கேட்டால் ரெண்டு பதில் வரும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் 2026 என்கிறது. மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை 98 என்கிறது. கிழமை மட்டும் ரெண்டிலும் ஒன்றுதான். இப்படியே ஆறு வருஷம் ஓட்டியாயிற்று. பழைய புரோகிராமைக் கைவிட மனசில்லாதவர்கள் யாராவது இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற சின்னக் கடை எங்களுடையது. காலையில் ஷீட்டும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலும் வரும், எடை போட்டு அன்றைய விலைக்குச் சீட்டுக் கொடுப்போம். தோட்டக்காரர்கள் பலர் மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும்போது அட்வான்ஸ் வாங்குவார்கள். பிறகு ஷீட் கொண்டுவரும்போது வட்டியோடு அதில் கழிப்போம். இந்தப் பற்றுவரவை 1999-இலிருந்து விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஒரு புரோகிராம்தான் பார்க்கிறது. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரு அண்ணன் கிளிப்பர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்தது. ஜிஎஸ்டி சமாச்சாரமெல்லாம் ஆடிட்டர் ஆபீசில் வேறு சாப்ட்வேரில் நடக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் மாற்றவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அப்பாவின் விரல்தான் காரணம். கணக்கு எண், எண்டர், எடை, எண்டர், ரகம், எண்டர். திரையைப் பார்க்காமலே ஒரு சீட்டை முடித்துவிடுவார். மவுஸ் வைத்து அமுக்குகிற ஒரு புரோகிராமை 2015-இல் வாங்கிப் பார்த்தோம். வாசலில் ஜீப் வரிசை நின்றது. மூன்றாம் நாள் அப்பா பழையதற்கே திரும்பிவிட்டார்.

2020 ஜனவரி 1, புதன்கிழமை. முதல் ஆளாக வந்தவர் களியல் பக்கத்துப் பாட்டா ஒருவர். நவம்பர் 15-இல் பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அப்பா 01/01/20 என்று அடித்து எண்டர் தட்டினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மக்களே, இங்க வா. பாட்டாவுக்கு நாம லெச்சத்துக்கு மேல குடுக்கணும்னுல்லா காட்டுது!”

போய்ப் பார்த்தால் நாள் கணக்கு மைனஸ் 36,478. பன்னிரண்டு சதவீத வட்டி மைனஸ் 1,19,927 ரூபாய் 67 காசு. பாட்டா சிரித்துக்கொண்டே, “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவிய” என்றார். அன்றைக்கு எல்லாச் சீட்டும் கையால்தான் போட்டோம்.

எழுதிக் கொடுத்த அண்ணன் இப்போது வளைகுடாவில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் பிடித்தேன். கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. ஒய்டூகே பயம், அதாவது 2000 பிறந்ததும் ரெண்டு இலக்க வருஷத்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்ற பயம், இருந்த நேரத்தில் எழுதியது அது. கிளிப்பரில் ‘செட் எபோக்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதில் 1920 என்று கொடுத்தால், இரண்டு இலக்கத்தில் அடிக்கும் 20 முதல் 99 வரை 1900-களாகவும், 00 முதல் 19 வரை 2000-களாகவும் எடுத்துக்கொள்ளும். அதாவது 2019 டிசம்பர் 31 வரைக்கும்தான் உயிர். “இருபது வருஷம் இதை யாருடே வச்சிருப்பான்னு நெனச்சேன்” என்றார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகம் முழுக்க ஒய்டூகேயை இப்படி இருபது வருஷம் தள்ளிப்போட்டவர்கள் நிறைய.

அவர் எழுதிய மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோடு இருந்தால் ஒரு வரியை மாற்றி, கிளிப்பருக்கு ஒத்துப்போகும் ஹார்பர் என்ற இலவசக் கம்பைலரில் மறுபடி கம்பைல் பண்ணியிருப்பேன். சோர்ஸ் இருந்த பிளாப்பிகளில் பூசணம் பிடித்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு பிளாப்பி எம்மாத்திரம்! கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் புரோகிராமின் இஎக்ஸ்இ கோப்பைத் திறந்து 1920-ஐக் குறிக்கும் ‘80 07’ என்ற ஜோடியைத் தேடினேன். ஏகப்பட்ட இடத்தில் வந்தது. எது வருஷம், எது வேறு ஏதோ என்று தெரியாமல் பணம் புழங்கும் புரோகிராமில் கைவைக்கத் துணிச்சல் வரவில்லை.

புரோகிராமைத் தொட முடியாதென்றால் அதற்குக் காட்டும் காலத்தை மாற்ற வேண்டியதுதான். ஒய்டூகே சமயத்திலேயே சிலர் கையாண்ட வழி: எல்லாத் தேதியையும் 28 வருஷம் பின்னால் தள்ளுவது. 28 வருஷம் என்பது 10,227 நாள், மிச்சமில்லாமல் 1,461 வாரம். அதனால் கிழமை மாறாது, லீப் வருஷமும் லீப் வருஷத்தின்மேலேயே விழும். 1901-க்கும் 2099-க்கும் நடுவில் இந்தக் கணக்கு தவறாது. 2020 போய் 1992 ஆகிவிடும், புரோகிராமும் 2047 முடிய ஓடும்.

அப்பாவுக்கு விளக்கக் கஷ்டமே படவில்லை. தாத்தாவின் நோட்டில் எல்லாம் கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்குதான். அதுவும் கடைசி ரெண்டு எண் மட்டும், ‘72 ஆவணி’ என்று. அது 1172, இங்கிலீஷுக்கு 1996. ‘99 வெள்ளம்’ என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு 1099, அதாவது 1924. இன்றைய பையன்கள் அதை 1999 என்று நினைப்பார்கள். நூற்றாண்டை விழுங்கிவிட்டு எழுதுகிற பழக்கம் கம்ப்யூட்டருக்கு முன்பே திருவிதாங்கூரில் இருந்ததுதான். “எண்ணூத்தி இருவத்தி நாலோ அஞ்சோ கூட்டிக்கிட்டு இருந்தோம், இனி இருவத்தெட்டு கூட்டணும், அவ்வளவுதானே” என்றார்.

கம்ப்யூட்டர் கடிகாரத்தை மட்டும் 1992-க்கு வைத்தால் போதும் என்று நினைத்து முதலில் மாட்டிக்கொண்டேன். பிரவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் 1992-இல் செல்லாதே. பேங்க் சைட், மெயில் எல்லாம் போயிற்று. அதைவிடப் பெரிய கோளாறு கணக்கில். பழைய கணக்கெல்லாம் 2019-இல் நிற்க, இன்றைய சீட்டு 1992-இல் விழுந்தால் வட்டி மறுபடி மைனஸ்தான். ஆக, பழைய கணக்கையும் சேர்த்துப் பின்னால் இழுக்க வேண்டும்.

இது பயந்த அளவுக்குக் கஷ்டம் இல்லை. கணக்கெல்லாம் இருக்கும் டிபிஎஃப் கோப்பில் தேதி எட்டு எழுத்தாக, வருஷம் நாலு இலக்கத்தோடு இருக்கும். ரெண்டு இலக்கம் என்பது திரையில் மட்டும்தான். பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி ஒவ்வொரு தேதியிலும் 28 கழித்தேன். காலியாக விட்ட தேதிகளை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நிரல் அங்கேயே விழும். பிறகு கணக்கைத் தேட உதவும் என்டிஎக்ஸ் இன்டெக்ஸ் கோப்புகளை அழித்துவிட்டு, புரோகிராமின் மெனுவில் உள்ள ரீஇன்டெக்ஸை ஓட்டினேன். கடையின் முதல் சீட்டு 1971-க்குப் போய்விட்டது. கடை தொடங்கும் முன்பே வியாபாரம்!

எதில் ஓட்டுவது என்பது அடுத்தது. இன்றைய 64 பிட் விண்டோஸ், இது மாதிரிப் பழைய 16 பிட் புரோகிராமைத் தொடவே தொடாது. எக்ஸ்பி போட்ட பழைய பென்டியம் ஒன்றைத் தனியாக வைத்து ஒன்றரை வருஷம் ஓட்டினேன். அதன் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்த அன்று தேதி எங்கேயோ போய்விட்டது. மாற்ற ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி போதும், ஆனால் தீர்ந்தது நமக்குத் தெரிய வேண்டுமே. அப்புறம் ஒரு ஐப்பசி இடியில் அந்தப் பெட்டியே போயிற்று. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது ஓடுவது லினக்ஸில், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற எமுலேட்டருக்குள், அதாவது பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் புரோகிராமுக்குள். கம்ப்யூட்டரின் நேரம் சரியான நேரம். டாஸ்பாக்ஸை மட்டும் லிப்ஃபேக்டைம் என்ற கருவி வழியாகத் திறந்தால் அது ஒன்றுக்கு மட்டும் பழைய தேதி தெரியும். பிரவுசர், யுபிஐ எதற்கும் கெடுதல் இல்லை. விண்டோஸில் இதே வேலைக்கு ரன்ஆஸ்டேட் என்ற கருவி இருக்கிறது.

இங்கே ஒரு குழி. முதல்நாள் ‘28 வருஷம் பின்னால்’ என்று கொடுத்தேன். லிப்ஃபேக்டைமுக்கு வருஷம் என்றால் எப்போதும் 365 நாள்தான், லீப் கணக்கே கிடையாது. ஏழு நாள் குறைவாகப் பின்னால் போயிற்று. ஏழு நாள் என்பதால் கிழமை சரியாக இருந்தது. கிழமையைப் பார்த்து நானும் திருப்திப்பட்டேன். வட்டியில் ஒரு வாரம் கூடுகிறது என்று மறுநாள் ஒரு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். வருஷத்தில் கொடுக்காதீர்கள், 10227 நாள் என்று நாளிலேயே கொடுங்கள்.

சீட்டு அச்சடிப்பதில்தான் அதிக நேரம் போனது. வாடிக்கையாளர் கையில் 98 என்று போட்ட சீட்டைக் கொடுக்க முடியாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸில் பிரிண்டருக்குப் போவதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் விழவைக்கலாம். அதை இன்னொரு நிரல் படித்து, நாள்/மாதம்/வருஷம் வடிவில் வருகிற இடத்தில் மட்டும் 28 கூட்டி, பழைய டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸுக்கு அனுப்பும். 14/03/98 என்பது 14/03/26 ஆகிவிடும். நாலு இலக்கமாக மாற்ற ஆசைப்பட்டால் கட்டங்கள் ரெண்டு எழுத்து நகர்ந்து எடைக்கு நேரே தொகை வராது. ரெண்டு இலக்கமே போதும்.

ஆறு வருஷத்தில் கெட்டது என்று பார்த்தால், அந்தப் பென்டியம் போன நாளில் அரைநாள் கணக்கு போனது ஒன்று. அதிலிருந்து கடை பூட்டும்போது பென் டிரைவில் ஒரு நகல், வீட்டு லேப்டாப்பில் ஒரு நகல். டாஸ்பாக்ஸ் அடிப்படையில் விளையாட்டுக்காக எழுதப்பட்டது. ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் தைரியமாக வைக்கலாம், நாலு பேர் ஒரே கோப்பில் எழுதுகிற இடத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மற்றது மனிதப் பிழை. நான் ஊரில் இல்லாத நாளில் தம்பி பழக்கதோஷத்தில் 24 என்று அடித்தான். அது 1924 ஆகி, அந்தச் சீட்டு கணக்கின் தலையிலே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது திரை ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: ‘இங்க 98’. ஒவ்வொரு ஜனவரியும் புது ஸ்டிக்கர்.

இது எங்கள் கடைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற ஒரு நண்பரின் பழைய ஜிபிஎஸ், 2019 ஏப்ரல் 6-க்குப் பிறகு 1999 ஆகஸ்ட் என்று காட்டத் தொடங்கியது. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இடம் சரியாகக் காட்டுவதால் அவர் தேதியைக் கண்டுகொள்வதே இல்லை. எக்செல் வைத்திருப்பவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸின் வழக்கமான அமைப்பில் 29 என்று அடித்தால் 2029, 30 என்று அடித்தால் 1930. 2030-இல் முதிரும் டெபாசிட்டை இன்றைக்கே யாராவது ரெண்டு இலக்கத்தில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ட்ரையல் முடிந்த சாப்ட்வேரைக் காசு கொடுக்காமல் ஓட்ட இதே வழியைக் கேட்டு ரெண்டு பேர் வந்தார்கள். அதற்கு நான் ஆள் இல்லை. எங்களுடையது காசு கொடுத்து வாங்கியது, எழுதியவரே “என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ” என்று சொன்னது.

ஒரே ஒரு இடம் இன்னும் சரியாகவில்லை. வருஷக் கடைசி அறிக்கையின் தலைப்பில் ‘1997-98’ என்று விழுகிறது. அது நாள்/மாதம்/வருஷம் வடிவில் இல்லாததால் என் நிரல் கவனிக்காது. போன வருஷம் ‘1996-97’ என்றே ஆடிட்டர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்த பெண் பழைய கட்டு மாறி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நிரலில் ரெண்டு வரி சேர்த்தால் தீரும். அப்பா வேண்டாம் என்கிறார். ஏப்ரலில் அந்தத் தாளை எடுத்து வைத்து, 1997-98-ஐப் பேனாவால் அடித்து, மேலே 2025-26 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக 1201 என்று கொல்லம் ஆண்டையும் போட்டுக் கையெழுத்து வைப்பது அவர் வேலை.